முழுக்கை ரவிக்கை

"மேடம், இந்தப் பொம்பளைய எனக்குக் கண்டுபிடிச்சுக் குடுங்க. அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த தனலெட்சுமி, பிரிக்ஃபீல்ட்ஸ் மாடி அலுவலகத்தின் மேசைமேல் ஒரு விளம்பரத் தாளை விரித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இன்னொருத்தியும் கூடவே புகுந்துகொள்ளக்கூடிய அளவுக்குப் பெரிய பாஜு கூரோங் நீளங்கி அணிந்திருந்தாள். உட்காரும்போது வயிற்றை இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்து, மெதுவாக மடியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தாள்.

மீனலோசனி அதைக் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் பொய் மருத்துவச் சான்றிதழ்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, நாலு வருடத்துக்கு முன்னால் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். பொய் சொல்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. அதிலும் மோசமாகப் பொய் சொல்கிறவர்களைக் கண்டால் குமட்டும்.

விளம்பரத்தில் இரண்டு படங்கள். இடது பக்கம், நைட்டியில் மலைபோல் ஒரு பெண். வலது பக்கம், பட்டுச்சேலையும் கைமணிக்கட்டு வரை நீண்ட ரவிக்கையுமாக ஒரு மெலிந்த பெண். 'சீதாலெட்சுமி. 1992இல் எங்களிடம் வந்தபோது 132 கிலோ. ஒரே ஆண்டில் 64. கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், மூலிகைத் தேயிலை போதும்! டாக்டர் ராதாகிருஷ்ணன், சுந்தரமேனி நிலையம், சுபாங் ஜெயா. மாதந்தோறும் இலவச விளக்கக் கூட்டம்.'

"ஒரு லோரியில ஏத்துற ஆள மோட்டார் பின் சீட்டுல ஏத்திட்டாரே!" என்றான் ஜன்னலோரம் நின்ற நாகையா. முன்னாள் லோரி டிரைவர், இந்நாள் உதவியாளன். வண்டிக்கு பிரேக் பிடிக்கத் தெரிந்த அளவு வாய்க்குப் பிடிக்கத் தெரியாது. மீனலோசனி திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் ஜன்னலுக்கு வெளியே எதையோ அவசரமாகத் தேடினான்.

"நானும் நூத்திப் பதினெட்டு கிலோ இருந்தேன் மேடம்" என்றாள் தனலெட்சுமி. "இந்தத் தேயிலையத்தான் காலையிலயும் மத்தியானமும் சோத்துக்குப் பதிலா குடிச்சேன். ஒன்றரை வருசம். இப்ப அறுபத்தாறு. கொழுப்பு போச்சு, தோலு போகல. பையி மாதிரி தொங்குது. மடிப்புக்குள்ள வேர்த்து வேர்த்துப் புண்ணாயிடுச்சு. வாடை அடிக்கும்னு வீட்டுக்காரர் பக்கத்துல நான் படுக்கறதில்ல. அவர் ஒண்ணும் சொல்லல. நான்தான் தள்ளிப் போயிட்டேன்."

"உங்க டாக்டர் என்ன சொல்லுறார்?"

"அது தோலு இல்ல, மிச்ச கொழுப்புன்றாரு. நான் திருட்டுத்தனமா சாப்பிடுறேனாம். ரெண்டு வேள பத்தாது, நாலு வேளயும் தேயிலதான்னு சொல்லிட்டாரு. மூணு வாரமா அதான் குடிக்கிறேன். இன்னிக்கு பஸ்ஸ விட்டு எறங்கறப்ப கண்ண இருட்டிட்டு வந்துச்சு."

மேசைமேல் இருந்த அவளுடைய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நாகையா கீழே இறங்கிப் போய் ஒரு கிளாஸ் மைலோவும் ரொட்டியும் வாங்கி வந்து வைத்தான். அவள் தொடவில்லை.

"அந்த சீதாலெட்சுமிகிட்ட என்ன கேள்வி?"

"அறுபத்தெட்டு கிலோ எறங்கியிருக்காங்க. அவங்க தோலு எங்க போச்சுன்னு கேக்கணும்."

இத்தனை பேர் பார்த்த விளம்பரத்தில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. மீனலோசனி அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சுந்தரமேனி நிலையம் சுபாங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்தது. படியேறி மேலே வருவதற்குள் நாகையாவுக்கு மூச்சு வாங்கியது. அது வசதியாகப் போயிற்று. அவன்தான் இன்றைக்கு நோயாளி.

ராதாகிருஷ்ணன் வெள்ளைக் கோட்டில் வந்தான். கழுத்தில் ஸ்டெதஸ்கோப். ஒருமுறைகூடக் காதில் ஏறாத ரப்பர் முனைகள் கடையில் வாங்கியபடியே பளபளத்தன. நாகையாவின் தொந்தியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தான்.

"ஆறு மாசம்" என்றான்.

"அப்ப டெலிவரி எப்ப டாக்டர்?"

ராதாகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. மீனலோசனி குறுக்கிட்டாள்.

"உங்கட பட்டம் எந்த யூனிவர்சிட்டி?"

"வெளிநாடு."

"அப்படி ஒரு யூனிவர்சிட்டி இருக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சு. சரி, இவன் மெலிஞ்சா தோல் தொங்காதா?"

"அதெல்லாம் கண்ட கண்ட எடத்துல மெலிஞ்சாத்தான் தொங்கும், மேடம். தோலுன்னா ரப்பர் மாதிரி. என் தேயிலைக்குத் தானா சுருங்கும். சுருங்கலேன்னா ஆளு ஒழுங்கா குடிக்கலேன்னு அர்த்தம். சில பொம்பளைங்க இருக்காங்க, வாயக் கட்டத் தெரியாது. தின்னுட்டு வந்து எங்ககிட்ட அழுவாங்க." முகத்தில் அருவருப்பை மறைக்கக்கூட அவன் சிரமப்படவில்லை. அவனுக்குச் சோறு போடுவதே அந்தப் பெண்கள்தான்.

"அந்த சீதாலெட்சுமியோட ஒருக்கால் பேசலாமா?"

"லண்டன்ல இருக்காங்க. கல்யாணமாகி செட்டிலாயிட்டாங்க."

விளம்பரத்திலிருந்த அதே இரண்டு படங்களும் வரவேற்பறைச் சுவரில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டப்பட்டிருந்தன. நாகையா நைட்டிப் படத்தின் எதிரில் கைகட்டி நின்று, கோயிலில் நிற்பதுபோல் வெகுநேரம் பார்த்தான். வெளியே வந்து பாதிப் படி இறங்கியதும் நின்றுவிட்டான்.

"அக்கா, அந்தம்மா தோளுக்குப் பின்னால, தூரத்துல, பாதி எழும்பின புகைபோக்கி ஒண்ணு தெரிஞ்சுச்சே, பாத்தீங்களா? விளம்பரத் தாள்ல அத வெட்டிட்டாங்க. சுவத்துல வெட்ட மறந்துட்டாங்க."

"அதுக்கு?"

"அது காப்பார் கரண்டு ஸ்டேஷன். அதுக்கு சிமெண்ட் ஏத்தினவன் நானு. பாதி எழும்பி நின்னது எம்பத்தஞ்சுலயோ எம்பத்தாறுலயோ. தொண்ணூத்திரண்டுல இவன்கிட்ட வந்தப்ப எடுத்த படத்துல ஏது எம்பத்தஞ்சு புகைபோக்கி?"

மீனலோசனி சிரித்தாள். வேலை நேரத்தில் அவள் சிரிப்பது அபூர்வம்.

"ஓம், விளங்குது. யாரோ ஒருத்தியிட பழைய படத்த எடுத்து இடது பக்கம் போட்டிருக்கிறான். வலது பக்கம் வேற ஆள். ரெண்டும் ஒருத்தி இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"இந்த வெயிலுக்கு ஆராவது முழுக்கை ரவிக்கை போடுவாளா? இடது படத்தில கையெல்லாம் வெளியில தெரியுது. முழங்கைக்கு மேல ஒரு பெரிய மச்சம். வலது படத்தில இருக்கிறவளுக்கு அது இல்ல. அதான் மூடிட்டான். படத்தக் குடுத்தவளும் காசுக்கு நின்டவளும் ஒரே ரகம். வெட்கங்கெட்டதுகள்."

"நான் அவளுக்குக் குளிர்காய்ச்சல்னு நெனச்சேன்" என்றான் நாகையா.

மறுநாள் காலை அவனுடைய பழைய டட்சன் கிள்ளானைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே காப்பாரை நோக்கி ஓடியது. புகைபோக்கி எந்தப் பக்கமிருந்து பார்த்தால் படத்தில் உள்ளபடி தெரியும் என்று நாகையா இரண்டு கம்போங் குடியிருப்புகளில் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். மூன்றாவது இடத்தில் சாலையோரமாக ஒரு சின்ன மளிகை ஒட்டுக்கடை இருந்தது. கடைக்காரர் அய்யாவு விளம்பரத் தாளைப் பார்த்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட, குண்டு சீத்தா! இவ நடந்தா எங்க கடைப் பலகை ஆடும்லா. நாங்க சாமான் நிறுக்கறப்ப, சீத்தாவத் தராசுல ஏத்துன்னு கிண்டல் பண்ணுவோம்."

"நல்ல கிண்டல். இப்ப லண்டனிலயாம்?" என்று மீனலோசனி கேட்டாள்.

"எந்த லண்டன்? நேத்துதான் என் பேத்திக்குச் சட்டைக்கு அளவெடுத்தா. அந்தப் பச்ச வீடு."

பச்சை வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவள் விளம்பரத்தின் வலது படத்திலிருந்த மெலிந்த பெண். நாற்பது வயதிருக்கலாம். வீட்டுக்குள்ளேயும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

"உங்க அக்கா சீதாலெட்சுமிய பாக்க வந்தம்" என்றாள் மீனலோசனி, இவள் குண்டு சீத்தாவின் தங்கை என்று முடிவுகட்டி.

"எனக்கு அக்கா இல்லீங்களே." அதற்குள் அவள் கண் விளம்பரத் தாளில் விழுந்துவிட்டது. கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

மீனலோசனிக்குக் கோபம் தலைக்கேறியது. மூடிய கதவைப் பார்த்தே பேசினாள்.

"நல்லாக் கதவடை, பிள்ளை. அந்தக் கள்ளன்ட விளம்பரத்துக்கு நிக்கேக்க வராத வெட்கம் இப்ப வருதோ? உன்னைப் பாத்து கிள்ளான்ல ஒருத்தி தேயிலைத் தண்ணியக் குடிச்சுக் கொண்டு பட்டினி கிடக்கிறாள். தன்ட தோல் சுருங்கேல்ல எண்டு. நேத்து என்ர மேசைக்கு முன்னால அவளுக்குக் கை நடுங்கிச்சு. இனி விழுந்து செத்தாளெண்டா, சாவுக்கு நீயும் பொறுப்பு. அதச் சொல்லத்தான் வந்தனான்."

நாகையா அவள் முழங்கையைத் தொட்டு, "அக்கா, போதும்" என்றான்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தபோது அந்தப் பெண் அழவில்லை. வலது கையின் சட்டைப் பொத்தானைக் கழற்றி, துணியைத் தோள்வரை சுருட்டினாள். முழங்கைக்கு மேலே தோல் ஒரு சாணுக்குத் தொங்கியது. சுருங்கிப்போன அந்தத் தோலின் நடுவே பெரிய கறுப்பு மச்சம், இழுபட்டு நீளமாகத் தெரிந்தது.

"ரெண்டு படத்துல இருக்குறதும் நான்தான்" என்றாள் சீதாலெட்சுமி.

இருபத்தாறு வருட அனுபவத்தில் மீனலோசனி எத்தனையோ முறை ஏமாற்றப்பட்டிருக்கிறாள். தன்னுடைய சொந்தப் புத்திசாலித்தனத்தால் ஏமாந்தது இதுதான் முதல் தடவை. அவள் பெஞ்சியில் உட்கார்ந்தாள்.

சீதாலெட்சுமி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னாள். சர்க்கரை ஏறிவிட்டது, இப்படியே போனால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று அரசாங்க கிளினிக்கில் ஒரு டாக்டரம்மா பயமுறுத்தியிருக்கிறாள். மறுநாளே செம்பனைத் தோட்டத்துக்குள் நடக்க ஆரம்பித்தாள். ஊர் பார்த்துச் சிரிக்கும் என்று பாதையில் நடக்காமல், மட்டை குவித்த வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். சோற்றைப் பாதியாக்கினாள். சீனியை விட்டாள். மூன்றரை வருடத்தில் பாதி ஆளானாள். எந்தத் தேயிலையையும் அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"இளைச்சா சிரிப்பு நின்னுடும்னு நெனச்சேன். அப்புறம் கிழவின்னாங்க. காத்துப் போன பலூன்னாங்க. வயித்துத் தோல மடிச்சுப் பாவாடைக்குள்ள சொருகிக்கிட்டுத்தான் நடப்பேன். உள்ள எப்பவும் புண்ணு. அப்பத்தான் தொண்ணூத்திரண்டுல அந்தாளோட கடைக்குப் போனேன், தோலுக்கு ஏதாவது க்ரீம் இருக்குமான்னு கேக்க."

"இளைச்ச பிறகா போனாய்?"

"ஆமா. அறுபத்தெட்டு கிலோவுலதான் போனேன். என்னைப் பாத்ததும் அந்தாளு மொகம் மாறிடுச்சு. பழைய படம் இருக்கான்னு கேட்டாரு. பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி வெக்கிறேன், பதிலுக்கு உன் பேரையும் படத்தையும் குடு, யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னாரு. அஞ்சு மணி நேரம் ஆபரேஷன். இந்த இடுப்புலேருந்து அந்த இடுப்பு வரைக்கும் வெட்டி, நாலு கிலோ தோலு எடுத்தாங்க. ரெண்டு பக்கமும் குழாய் சொருகி, பத்து நாளு தண்ணி வடிஞ்சிச்சு. ரெண்டு மாசம் நிமிந்து நிக்க முடியல."

"கைய விட்டுட்டாங்களே?"

"கேட்டேன். 'கைக்கு எதுக்கு? அதுக்குத்தான் ரவிக்கை இருக்குல்ல'ன்னுட்டாரு."

கத்தியே வேண்டாம் என்று விளம்பரம் போட்டவனுடைய ஒரே சாட்சி, கத்தியால் ஆனவள். அதிலும் படத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டும் வெட்டச் சொல்லி, மிச்சத்தைத் துணியால் மூடியிருக்கிறான். கசாப்புக்காரன்கூட இதைவிட மரியாதையாக வெட்டுவான் என்று மீனலோசனிக்குத் தோன்றியது.

"நான் உன்னைத் தப்பா நினைச்சிட்டன்" என்றாள். "கதவுக்கு வெளியில நின்டு பேசினதுக்கும் மன்னிச்சுக்கொள். ஆனா ஏன் இவ்வளவு நாளும் பேசாம இருந்தனி?"

சீதாலெட்சுமி சட்டைக்கையை இறக்கிப் பொத்தானைப் போட்டாள். அதற்கு நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஆபரேஷனுக்கு மொத நாளு அவரே கேமரா கொண்டாந்தாரு. டாக்டருக்கு வேணும்னு சொல்லி, துணியில்லாம நாலு பக்கமும் நிக்க வெச்சு எடுத்தாரு. அந்தப் படமெல்லாம் அவர்கிட்டதான் இருக்கு. வாயத் தொறந்தா காப்பார் முழுக்க ஒட்டுவேன்னாரு. இந்த ஊரு என்னைப் பாத்து ரெண்டு தடவ சிரிச்சிருச்சு மேடம். மூணாவது தடவ என்னால முடியாது."

நாகையாவுக்குக் கெட்ட வார்த்தை ஒன்றுதான் வந்தது. அதை விழுங்கிக்கொண்டான்.

மீனலோசனி எழுந்து அவள் அருகில் போனாள்.

"பிள்ளை, அந்தப் படங்கள் எடுக்கேக்க நீ எப்பிடி இருந்தனி?"

"எப்பிடின்னா... மெலிஞ்சுதான். தோலெல்லாம் தொங்கிக்கிட்டு."

"மெலிஞ்ச உடம்பு. தொங்குற தோல். அதே முகம், அதே மச்சம். சரி. என்ர தேயிலையக் குடிச்சா தோல் தானாச் சுருங்கும் எண்டு ஊரெல்லாம் சொல்லுறவன், அந்தப் படத்த எங்க ஒட்டுவான்?"

சீதாலெட்சுமி புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனால ஒட்ட முடியாது" என்றாள் மெல்ல.

"ஒட்டினா அவன்ட கடைக்கு அண்டைக்கே பூட்டு. ரெண்டு வருசமா நீ எந்தப் படத்துக்குப் பயந்தியோ, அதே படத்துக்கு அவன் உன்னைவிடக் கூடப் பயந்து கொண்டிருக்கிறான்."

"ஒட்டச் சொல்லுங்கக்கா. பசைக்கு நான் பொறுப்பு" என்றான் நாகையா.

சீதாலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்து, "அந்தாளோட இலவசக் கூட்டம் எப்ப?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு சுந்தரமேனி நிலையத்தில் இலவச விளக்கக் கூட்டம். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளில் கிள்ளான், செலாயாங், ஷா ஆலம் என்று பல இடங்களிலிருந்து வந்த பெண்கள். பாதிப் பேர் தனலெட்சுமியைப் போலவே தொளதொளப்பான உடையில் இருந்தார்கள். தனலெட்சுமி முன் வரிசையில் இருந்தாள். மீனலோசனி அவளிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வா என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

ராதாகிருஷ்ணன் ஆளுயரப் படத்தின் அருகில் நின்று, "இந்தச் சகோதரி இப்ப லண்டன்ல..." என்று ஆரம்பித்தான்.

"பிளைட்டு ரத்தாயிடுச்சு டாக்டர்!" என்று பின்னாலிருந்து நாகையா குரல் கொடுத்தான்.

எல்லாத் தலைகளும் திரும்பின. நாற்காலிகளுக்கு நடுவே சீதாலெட்சுமி நடந்து வந்தாள். படத்தைப் பார்த்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி கைதட்டத் தொடங்கினாள். ராதாகிருஷ்ணனின் முகம் ஒரு கணம் வெளுத்து, மறுகணம் சிரிப்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"பாருங்க! சர்ப்ரைஸ்! நம்ம சீதாவே வந்திருக்காங்க. சொல்லுங்கம்மா, எத்தன மாசம் குடிச்சீங்க?" அவள் காதருகே குனிந்து, "படம் ஞாபகமிருக்குல்ல?" என்று பல்லைக் கடித்தபடி சொன்னான்.

"ஞாபகமிருக்கு" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அத எடுத்துட்டு வாங்க டாக்டர். ஆபரேஷனுக்கு மொத நாளு எடுத்தீங்களே, அத இங்க எல்லாருக்கும் காட்டுங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

"என்ன ஆபரேஷன்? இந்தம்மாவுக்கு மூளை சரியில்ல."

"தோலு வெட்டுற ஆபரேஷன். உங்க தேயிலய நான் ஒரு மடக்கு குடிச்சதில்ல. நடந்து இளைச்சேன். தோலு தானா சுருங்கல. யாருக்கும் சுருங்காது. சர்ஜன் வெட்டித்தான் எடுத்தாரு."

கைதட்டியவளின் கைகள் அப்படியே நின்றன. தனலெட்சுமி எழுந்தாள். வயிற்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி எல்லார் முன்னாலும் நின்றாள். அதை மறைக்க அவள் நினைத்ததாகவே தெரியவில்லை.

"நான் திருட்டுத்தனமா திங்கறேன்னு சொன்னீங்களே" என்றாள். "மூணு வாரமா பட்டினி கிடக்கேன்."

"நீ யாரும்மா? உன்னை எனக்குத் தெரியாது" என்றான் ராதாகிருஷ்ணன்.

ஒன்றரை வருடம் வாராவாரம் வந்தவளைத் தெரியாது என்று சொன்னதுதான் அவன் செய்த கடைசித் தவறு. பின்வரிசையில் ஒரு நாற்காலி விழுந்தது. "என்னையும் தெரியாதா?" என்று ஒருத்தி கேட்டாள். பிறகு இன்னொருத்தி.

அறையின் ஓரத்தில், எடை பார்ப்பதற்காக வெள்ளைத் துணித் திரை ஒன்று போட்டிருந்தார்கள். சீதாலெட்சுமி தனலெட்சுமியின் கையைப் பிடித்து அதற்குள் அழைத்துப் போனாள். மீனலோசனி திரைக்கு வெளியே காவலுக்கு நின்றாள். உள்ளே சேலை சரசரக்கும் சத்தம்.

"தழும்பு இவ்வளவு நீளமா?" என்றது தனலெட்சுமியின் குரல். "வலிச்சுச்சா அக்கா?"

"ரொம்ப. பொய் சொல்ல மாட்டேன்."

"திரும்ப ஒரு தடவ செய்யச் சொன்னா?"

"செய்வேன். புண்ணு போச்சு, குனிஞ்சு நிமிர முடியுது. ஆனா நல்ல சர்ஜனா நாமளே விசாரிச்சுப் போகணும். மொதல்ல நீ ஒழுங்கா சோறு சாப்பிடு. இந்த உடம்போட போனா கத்தி வெக்க மாட்டாங்க. பெரியாஸ்பத்திரியில சீட்டுப் போடறதுக்கு நானும் கூட வரேன். எனக்குக் கை பாக்கணும்."

மீனலோசனி திரும்பிப் பார்த்தாள். ராதாகிருஷ்ணன், "லேடீஸ், உக்காருங்க, விளக்கம் சொல்றேன்" என்று கத்திக்கொண்டிருந்தான். வாசலை மறித்து நின்ற நாகையா, "டாக்டர், மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்று அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். யாரும் கதவுப் பக்கம் போகவில்லை. வெள்ளைத் திரைக்கு வெளியே, உள்ளே போகும் முறைக்காக, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள்.